வந்தவர் எத்தனை? நின்றவர் எத்தனை?

(தனித்தமிழ் அன்பர்களின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு பொதுப்பணி வளர்கின்றதா, தேய்கின்றதா என்பதை எதனைக் கொண்டு அளப்பது? கூட்டத்திற்கு வந்த தலைகளை எண்ணியா? உறுப்பினர் பட்டியலின் நீளத்தைக் கொண்டா? தொடக்க நாள்முதல் இன்றுவரை ஒருகாலாயினும் கைகொடுத்தவர் அத்தனை பேரையும் கூட்டியா? இவ்வினா தமிழியக்கத்தார்க்கு மட்டும் உரியதன்று. பலர் கைகோத்து, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தாமல் எழுப்பும் எந்தப் பணிக்கும் இவ்வினா உண்டு. எழுப்பாமல் விட்டால், பணி உள்ளுக்குள் உளுத்துப் போனபின்னும் வெளியே அது வளர்வதாகவே தோன்றும்.

இவ்வினாவைத் துணிந்து எழுப்பி, எண்களால் விடை தேடிவரும் பெரும்பணி ஒன்று உலகில் உண்டு. அது கோயிற் பணியன்று; அரசுப் பணியுமன்று. இலினக்சு என்னும் மென்பொருளின் உட்கருவை ஆக்கும் பணி அது. அப்பணியில் உழைப்போர் பெருகியதை அவர்கள் எவ்வாறு அளந்தார்கள், அவ்வளவுகள் எங்கே மெய் கூறின, எங்கே மயக்கின என்பதே இப்பொழிவின் பொருள்.

உட்கருவின் பிறப்பு

கணிப்பொறியில் எழுதும் செயலியும் வரையும் செயலியும் பாட்டிசைக்கும் செயலியும் ஒருங்கே ஓடுகின்றன. நினைவகத்தில் எதற்கு எவ்வளவு இடம், எந்த நொடியில் எது இயங்குவது, விசைப்பலகையில் தட்டிய எழுத்து யாரைச் சேர்வது என்று நடுவிருந்து பகிர்ந்தளிக்கும் ஆணைத்தொகுதியே உட்கரு. அஃதின்றேல் கணிப்பொறி வெறும் உலோகமும் கண்ணாடியுமே.

பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 அகவை மாணவர் இலினசு தோர்வால்சு, தாம் ஓர் இயங்குதளத்தைப் பொழுதுபோக்காக ஆக்கி வருவதாக 1991 ஆகசுட்டு 25ஆம் நாள் அறிவித்தார். அடுத்த திங்களில் வெளிவந்த முதல் வடிவம் ஏறத்தாழ 10,000 வரிகளே கொண்டது. 1992இல் அவர் அதனைக் கட்டற்ற பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். இரிச்சர்டு இசுட்டால்மன் வகுத்த அவ்வுரிமத்தின்படி, மூலநிரலை யாரும் பயன்படுத்தலாம், படித்தறியலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். மாற்றி வழங்குவோர் பெறுவோர்க்கும் அதே உரிமையை அளித்தல் வேண்டும் என்பது ஒன்றே கட்டுப்பாடு.

இவ்வொரு கட்டுப்பாடே உழைப்போரை ஈர்த்தது. தாம் ஈந்த உழைப்பைப் பிறிதொருவர் பூட்டி வைத்துக்கொள்ள இயலாது என்னும் உறுதி கிடைத்தபின், முகமறியா மாந்தர் பலர் தம் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினர். 1994 மார்ச்சில் 1.0 என்னும் வெளியீடு வந்தபோது வரிகள் 1,76,000ஐக் கடந்திருந்தன. 2020இல் அவை 2 கோடியே 70 இலக்கத்தைக் கடந்தன. 2017 நவம்பர்ப் பட்டியலிலிருந்து உலகின் தலைசிறந்த 500 மீக்கணிப்பொறிகளும் இவ்வுட்கருவைக் கொண்டே இயங்குகின்றன. ஆண்டிராய்டுக் கைப்பேசி வைத்திருக்கும் உழவரும் மீனவரும் ஆசிரியரும் அறிந்தோ அறியாமலோ இதனைத் தம் சட்டைப்பையில் சுமக்கின்றனர்.

பதிவு இல்லாத உழைப்பு

உழைத்தவர் எத்தனை பேர் என்பதை எண்ணுதல் வேண்டுமெனில், உழைப்பைப் பதிவு செய்தல் வேண்டும். முதல் பத்தாண்டுகளில் அத்தகைய ஒழுங்கான பதிவு இல்லை. திருத்தங்கள் மின்னஞ்சலில் வரும். தோர்வால்சு படித்துப் பார்ப்பார். நல்லவற்றைத் தம் கையாலேயே மூலநிரலில் சேர்ப்பார். மூலநிரலோடு நன்றிப் பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டது. 1.0 வெளியீட்டில் அதில் ஏறத்தாழ 80 பெயர்கள் இருந்தன. தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்டவர் பெயர் அதில் ஏறும். கூச்சத்தால் வாளாவிருந்தவர் பெயர் ஏறாது. ஆகலின் அது தொண்டாற்றியோர் பட்டியலே அன்றிக் கணக்கேடு அன்று.

2002இல் தோர்வால்சு பிட்கீப்பர் என்னும் பதிவுக் கருவியைக் கைக்கொண்டார். அது தனியார் குழுமத்தின் உடைமை. கட்டற்ற பணிக்காக விலையின்றி வழங்கப்பட்டது. 2004இல் இன்னொரு நன்முறை புகுத்தப்பட்டது. இத்திருத்தத்தை அளிக்கத் தமக்கு உரிமை உண்டு எனத் திருத்தம் செய்தவரும், அதனைக் கைமாற்றிய பேணுநரும் தத்தம் பெயரால் ஒரு கையொப்ப வரியை அதன் அடியில் எழுதுதல் வேண்டும் என்பதே அம்முறை. உட்கருவில் பிறர் உடைமை திருடிச் சேர்க்கப்பட்டதென 2003இல் தொடுக்கப்பட்ட வழக்கே இதற்குக் கரணியம். வழக்குக்கு மறுமொழியாகப் பிறந்த கையொப்பம், பின்னாளில் உழைத்தோரை எண்ணுதற்கும் கைகொடுத்தது.

2005 ஏப்பிரலில் பிட்கீப்பரின் விலையில்லா வழங்கல் நின்றது. பிறர் தந்த கொடையில் தம் பணியை ஊன்றியிருந்தோர் ஒரே நாளில் நிலமிழந்தனர். தோர்வால்சு பிறரை இரந்து நிற்கவில்லை. சில நாள்களிலேயே கிட் என்னும் கருவியைத் தாமே ஆக்கினார். இன்று உலகின் மென்பொருளாக்கத்திற்கே பொதுக்கருவியாக விளங்குவது அதுவே. அயலார் தரும் வசதியை நம்பித் தம் ஊற்றுக்கண்ணைத் தூர்த்துவிடுதல் தகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆயினும், அளப்போர்க்கு இங்கே ஒரு பள்ளம் காத்திருக்கின்றது. கிட் ஏடு 2005 ஏப்பிரலில் வெற்றுப் பலகையிலிருந்து தொடங்குகின்றது. அதற்குமுன் பத்தாண்டு உழைத்தவரும் அவ்வேட்டில் அவ்வாண்டுதான் முதன்முறையாகத் தோன்றுகின்றார். ஏட்டை மட்டும் நம்பி எண்ணுபவர், 2005இல் புதியோர் வெள்ளமாகப் பெருகினர் என்று எழுதிவிடுவார். வெள்ளம் வந்தது ஏட்டில், ஆற்றிலன்று.

ஏறும் எண் இறங்காது

கிரெக் குரோவா-ஆர்ட்மன், சோனத்தன் கார்பெட் ஆகியோர் 2008 முதல் இப்பணியின் வேகத்தையும் உழைப்போர் தொகையையும் கணக்கிட்டு அறிக்கைகள் எழுதினர். இலினக்சு அறக்கட்டளை அவற்றை வெளியிட்டது. அவ்வெண்கள் வியப்பூட்டுவன. 2005 மார்ச்சில் வந்த 2.6.11 வெளியீட்டில் உழைத்தவர் 389 பேர். 2017இல் வந்த 4.13 வெளியீட்டில் 1,600க்கும் மேற்பட்டோர் உழைத்தனர். 2021இல் வந்த 5.13இல் அத்தொகை 2,000ஐக் கடந்தது. ஒன்பது அல்லது பத்துக் கிழமைக்கு ஒரு வெளியீடு என்னும் முறை பெரிதும் மாறாதிருப்பதால், இவ்வெண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் முறையே.

இன்னொரு வகை எண்ணும் அவ்வறிக்கைகளில் உண்டு. 2005 முதல் 2017 வரை பங்காற்றியோர் ஏறத்தாழ 15,600 பேர். அவர்தம் குழுமங்கள் 1,400க்கும் மேல். 2020 ஆகசுட்டளவில், 1991 முதல் கணக்கிட்டு, பங்காற்றியோர் 20,000க்கும் மேல். திருத்தங்கள் 10 இலக்கத்திற்கும் மேல். மேடையில் முழங்குதற்கு ஏற்ற எண்கள் இவையே. செய்தித்தாள்கள் எடுத்தெழுதியவையும் இவையே.

இவ்விருவகை எண்களுக்கும் இடையே மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னது, குறித்த காலத்தில் களத்தில் நின்றோர் தொகை. அது ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். பின்னது, தொடக்கமுதல் வந்துபோனோர் அனைவரின் கூட்டுத்தொகை. அது இறங்கவே இறங்காது. இறந்தவரும் அதில் உண்டு. சலித்து விலகியவரும் உண்டு. ஒரே ஒரு நாள் வந்து ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திச் சென்றவரும் உண்டு. அது பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு போன்றது. அதன் பக்கங்கள் கூடிக்கொண்டே போகும்; வகுப்பறையில் ஒரு பிள்ளையும் இல்லாமற் போயினும் ஏட்டின் தொகை ஒன்றும் குறையாது.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். முதலாம் பணிக்கு ஆண்டுதோறும் 100 பேர் புதியராய் வருகின்றனர் என்று கொள்க. அவருள் 90 பேர் அவ்வாண்டோடு நீங்க, 10 பேரே நிற்கின்றனர். இரண்டாம் பணிக்கு ஆண்டுதோறும் 30 பேரே வருகின்றனர். அவருள் 20 பேர் நிற்கின்றனர். பத்தாண்டு முடிவில் முதலாம் பணியின் கூட்டுத்தொகை 1,000. இரண்டாம் பணியினது 300. மேடையில் முதலாம் பணிக்கே மாலை விழும். ஆனால், பத்தாம் ஆண்டில் களத்தில் நிற்போர் யாவர்? முதலாம் பணியில் புதியோர் 100, பழையோர் 90, ஆக 190. இரண்டாம் பணியில் புதியோர் 30, பழையோர் 180, ஆக 210. சிறியதெனத் தோன்றியதே பெரியது. அதிலும் பட்டறிவுடையோர் தொகை இருமடங்கு. ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரைக் கணக்கிட்டுத் தாகம் தணிந்ததென்று சொல்வார் உளரோ?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சென்ற ஆண்டு வந்தோர் நிற்பாரா நீங்குவாரா என்பதை இந்த ஆண்டே முடிவு கட்டுதல் ஆகாது. நீங்குதற்குரிய காலமே அவர்க்கு இன்னும் வரவில்லை. எனவே, ஒவ்வோராண்டு வந்தோரையும் ஒரு குழுவாகப் பிரித்து, ஓராண்டு கழித்து எத்தனை பேர், ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் என்று ஒத்த அகவையில் ஒப்பிடுதலே நேர்மையான அளவை.

ஒருவரா? இருவரா?

எண்ணுமுன் ஆளை அடையாளம் காணுதல் வேண்டும். இது தோற்றத்தில் எளிது, செய்கையில் அரிது. ஒருவர் வீட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் முகவரியிலும், அலுவலிலிருந்து வேறொன்றிலும் திருத்தம் அனுப்புகின்றார். வேலை மாறியதும் மூன்றாம் முகவரி முளைக்கின்றது. எந்திரம் அவரை மூவராக எண்ணும். இதனைக் களைதற்கு, இன்ன முகவரிகள் அனைத்தும் இன்னாருடையவை எனக் காட்டும் இணைப்புப் பட்டியல் ஒன்று மூலநிரலோடு பேணப்படுகின்றது. யார் எக்குழுமத்தார் என்று காட்டும் பட்டியலை அறிக்கை எழுதுவோர் தனியே வைத்துள்ளனர். இவ்விரண்டையும் மாந்தரே உட்கார்ந்து திருத்த வேண்டியுள்ளது.

தமிழர்க்கு இச்சிக்கல் இருமடங்கு. ஐரோப்பிய முறையில் முதற்பெயரும் குடும்பப்பெயரும் என இரண்டு கட்டங்கள் வரைந்து வைத்துள்ளனர். தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையார் பெயரின் முதலெழுத்தே உண்டு. க. முருகன் என ஓரிடத்திலும், முருகன் க. எனப் பிறிதோரிடத்திலும், தந்தையார் பெயரை விரித்து முருகன் கந்தசாமி என மற்றோரிடத்திலும் ஒருவரே எழுத நேரின் அவர் மூவராவார். மறுதலையாக, முருகன் என்று மட்டும் எழுதிய மூவர் ஒருவராகவும் கூடும். எண்ணும் கருவியை ஆக்கியோர் தம் குலவழக்கையே உலகவழக்காகக் கருதினால், பிற மொழியார் மிகுத்தோ குறைத்தோ எண்ணப்படுவர் என்பதற்கு இது சான்று.

எண்ணில் அடங்காதவர்

அவ்வறிக்கைகளே மறைக்காமல் ஓர் உண்மையை உரைக்கின்றன. எந்த ஒரு வெளியீட்டை எடுத்துக்கொண்டாலும், அதில் பங்காற்றியோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒரே ஒரு திருத்தம் அளித்தவர்கள். மறுபுறம், சிறு தொகையினரான சிலரே பெருவாரியான பணியைச் சுமக்கின்றனர். இதனால் ஒரு திருத்தத்தாரை இகழ்தல் கூடாது. ஒரு திருத்தம் ஒரு நாட்டின் மருத்துவமனைக் கருவியை நிற்காமல் ஓடச்செய்ததாகவும் இருக்கலாம். ஆனால் இருவரையும் ஒன்று, ஒன்று என எண்ணிக் கூட்டும்போது, பணியின் எடையை யார் தாங்குகின்றார் என்பது மறைந்துபோகின்றது.

இன்னும் மறைவது, எழுதாமல் உழைப்போர் உழைப்பு. பிறர் எழுதியதை வரிவரியாகப் படித்துக் குற்றங்காட்டுபவர், தம் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்து ஆய்பவர், பழுது கண்டு அறிவிப்பவர், விளக்கநூல் எழுதுபவர் ஆகிய இவர்கள் இல்லையேல் திருத்தம் எழுதுபவர் எழுதியதெல்லாம் குப்பையாகும். உட்கருப் பணியாளர் இதனை உணர்ந்து, படித்து ஒப்பியவர், ஆய்ந்தவர், பழுது கூறியவர் பெயரையும் திருத்தத்தின் அடியில் எழுதும் வழக்கத்தைக் கொண்டனர். பெயர் எழுதப்பட்ட பின்னரே அவர்களும் எண்ணத் தக்கவராயினர். எதனைப் பதிவு செய்கின்றோமோ அதுவே உழைப்பெனப்படும். பதியாதது காற்றோடு போகும்.

கூலி பெறாது உழைப்போர் பற்றிய எண்ணும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 2012 அறிக்கையில் எக்குழுமத்தின் ஊதியமும் பெறாதோர் அளித்த திருத்தங்கள் 14.6 விழுக்காடு. 2017இல் அது 8.2 விழுக்காடாகக் குறைந்தது. இதனைக் கண்டதும், தொண்டுள்ளம் வற்றிவிட்டது என்று சிலர் புலம்பலாம். அறிக்கை எழுதியோர் காட்டும் கரணியம் வேறு: உட்கருவில் தேர்ந்த நிரலர் கிடைப்பது அரிது; ஆகலின் தம் திறத்தைக் காட்டிய தொண்டரைக் குழுமங்கள் விரைந்து பணியில் அமர்த்திக்கொள்கின்றன. தொண்டர் மறையவில்லை, ஊதியம் பெறும் தொண்டராயினர். எனினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. ஊதியம் அளிக்கும் குழுமம் நாளை வேறு வழிக்குத் திரும்பினால், அவர் உட்கருவில் நிற்பாரா? ஒரே எண்ணுக்கு இரு பொருள் உண்டு. எண் தானே வாய்திறந்து எப்பொருள் என்று கூறாது.

அளவே இலக்கானால்

அளவை ஒன்று இலக்காக மாறிவிட்டால், அது நல்ல அளவையாக இருப்பதினின்றும் ஒழிகின்றது. பிரித்தானியப் பொருளியலறிஞர் சார்லசு குட்கார்ட்டு 1975இல் பணவளவு பற்றிக் கூறிய கருத்தினின்று வளர்ந்த நெறி இது. மென்பொருளுலகம் இதனைக் கண்கூடாகக் கண்டது. ஆண்டுதோறும் அக்டோபரில், கட்டற்ற மென்பொருள்களுக்கு நான்கு திருத்தங்கள் அளிப்போர்க்கு ஒரு சட்டை பரிசு என்று ஒரு விழா நடத்தப்பட்டு வந்தது. 2020இல் அச்சட்டைக்காகப் பலர் விளக்கக் கோப்புகளில் பயனற்ற ஓரிரு சொற்களைச் செருகித் திருத்தம் என அனுப்பிக் குவித்தனர். எண்ணிக்கைப்படி அத்திங்களில் உழைப்போர் பெருகினர்; மெய்ப்படி, குப்பையைப் பொறுக்கியெறிவதிலேயே பேணுநர்தம் நாள்கள் கழிந்தன. விழாவை நடத்தியோர் அத்திங்களிலேயே விதியை மாற்றி, விரும்பி இசைந்த பணிகளுக்கு மட்டும் திருத்தம் அனுப்பலாம் என்றனர்.

இதனினும் கொடியது 2024இல் நிகழ்ந்தது. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் எக்சு-செட் என்னும் சிறு மென்பொருளை ஒரே ஒருவர் பல்லாண்டுகளாக ஊதியமின்றிப் பேணிவந்தார். உலகெங்கும் இலினக்சு இயங்கும் கணிப்பொறிகளில் அது குடியிருந்தது. 2021 முதல் புதியவர் ஒருவர் புனைபெயரில் வந்து நல்ல திருத்தங்கள் அளித்தார். புதியவர்க்குப் பொறுப்புத் தருமாறு வேறு சிலர், அவர்களும் முகமில்லாதவர்கள், களைத்திருந்த பேணுநரை நெருக்கினர். அவரும் நம்பிப் பொறுப்பில் பங்களித்தார். 2024 தொடக்கத்தில் வந்த வெளியீடுகளில் அப்புதியவர் கள்ளக்கதவொன்றை ஒளித்து வைத்தார். தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரைநொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்ற ஆந்திரேசு பிராயிண்டு என்னும் நிரலர் துருவி ஆய்ந்து, மார்ச்சு 29ஆம் நாள் உலகிற்கு அறிவித்ததால் பேரிடர் விலகிற்று.

எண்ணிப் பார்க்க: அம்மென்பொருளில் பேணுநர் ஒருவர் இருவரானார். எண்கணக்கில் அது நூறு விழுக்காட்டு வளர்ச்சி! வாயிலில் நுழைந்தவரை எண்ணிய கணக்கு, நுழைந்தவர் யார் என்று கூறவில்லை. தனித்து நின்றவர் தோள் எவ்வளவு நோகின்றது என்றும் கூறவில்லை.

எதனை அளப்பது?

அங்ஙனமாயின் எண்ணுதலே வேண்டாமோ எனின், அற்றன்று. எண்ணாதவன் ஏமாறுவான்; ஒரே எண்ணை நம்புபவனும் ஏமாறுவான். உட்கருப் பணி கற்பிக்கும் அளவைகளை நான்காகத் தொகுக்கலாம்.

ஒன்று, வரவு: இக்காலப் பகுதியில் முதன்முறை வந்தோர் எத்தனை பேர்? 2017 அறிக்கைக் காலத்தில் பங்காற்றிய ஏறத்தாழ 4,300 பேருள் 1,600க்கும் மேற்பட்டோர் புதியோர். கதவு திறந்துள்ளது என்பதற்கு இது சான்று.

இரண்டு, நிலைப்பு: அவ்வாறு வந்தோருள் ஓராண்டும் ஐந்தாண்டும் கழித்து நிற்போர் எத்தனை பேர்? முதல் திருத்தத்தை அனுப்பியவர்க்கு மறுமொழி கிடைத்ததா, எத்தனை நாளில், எம்மொழியில் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். மறுமொழியின்றிக் காத்திருந்தவர் மறுமுறை வாரார்.

மூன்று, உயர்வு: நின்றவருள் பிறர் பணியைப் படித்து ஒப்பும் நிலைக்கும், ஒரு பிரிவைப் பேணும் நிலைக்கும் உயர்ந்தோர் எத்தனை பேர்? எழுதுவோர் இருமடங்காகிப் படித்து ஒப்புவோர் பெருகாவிடின், அது வளர்ச்சியன்று, வீக்கம்.

நான்கு, தாங்கல்: ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் விலகினால் அப்பிரிவு நின்றுவிடும்? விடை ஒன்று எனின், மொத்தத் தொகை இருபதாயிரமாயினும் அப்பிரிவு ஒற்றைத் தூணில் நிற்கும் மண்டபமே.

தமிழ்ச்சொல் யார் கையில்?

இவ்வளவையெல்லாம் தமிழர் அறிதல் எதற்கு? கட்டற்ற மென்பொருளில் தமிழ் நிற்பதும் வீழ்வதும் இவ்வளவையைப் பொறுத்தே அமைவதால்தான். உட்கருவின் விளக்க ஏடுகள் இத்தாலியம், சப்பானியம், கொரியம், இசுப்பானியம், சீனம் ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பெற்று, 2024ஆம் ஆண்டு வெளியீடுகளில் மூலநிரலோடே வழங்கின. தமிழ் அவற்றுள் இல்லை. ஆனால் மக்கள் கண்முன் தோன்றும் திரைச்சொற்களைப் பொறுத்தவரை, கே.டி.ஈ., குனோம், இலிபரே ஆபீசு முதலிய கட்டற்ற மென்பொருள்களில் தமிழன்பர் தம் ஓய்வுநேரத்தை ஈந்து தமிழைக் குடியேற்றியுள்ளனர்.

அங்கே வளர்ச்சியை அளக்கும் எண் ஒரு விந்தையான எண். மொத்தத் திரைத்தொடர்களுள் தமிழானவை எத்தனை விழுக்காடு என்பதே அது. கூட்டுத்தொகை போன்று அது ஏறிய இடத்தில் நிற்பதில்லை. மென்பொருள் வளரவளரப் புதுத்தொடர்கள் சேரும், பழந்தொடர்கள் மாறும். இன்று நூறு விழுக்காடும் முடித்துவிட்டு மகிழ்ந்து உறங்கினால், அடுத்த வெளியீட்டில் அது தொண்ணூறாகும், அதற்கடுத்து எண்பதாகும். யாரும் தமிழை அழிக்கவில்லை. உழைப்பவர் நீங்கினார், அவ்வளவே. நீங்கிய இடமெல்லாம் ஆங்கிலம் தானே வந்து நிரம்பும். தமிழ்த்திரையில் இடையிடையே ஆங்கிலத் திட்டுகள் தெரியுமாயின், அவையே அப்பணியின் நிலைப்புக் கணக்கு.

இன்னும் நுண்ணிய இழப்பு ஒன்று உண்டு. கோப்பு, அடைவு, சாளரம், கடவுச்சொல், தேடுபொறி ஆகிய இவை வானத்திலிருந்து விழுந்த சொற்கள் அல்ல. யாரோ சிலர் அமர்ந்து, வேர் நோக்கி, ஓசை நோக்கி, மாற்றி மாற்றி எழுதிப் பார்த்து ஒப்பிய சொற்கள். ஒரு சொல் நிலைப்பதற்கு அது நல்ல சொல்லாக இருந்தால் மட்டும் போதாது. அடுத்தடுத்த வெளியீடுகளிலும் அதே சொல்லை அதே பொருளில் காத்து நிற்க ஆள் வேண்டும். பழையவர் நீங்கிப் புதியவர் வரும்போது, முன்னவர் வைத்த சொற்பட்டியல் கைமாறவில்லையெனில், புதியவர் விரைவு கருதி ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிச் செல்வார். அவர் மீது குற்றமில்லை. அவர்க்கு யாரும் கற்பிக்கவில்லை. ஆயினும் அவர் வரவால் ஏட்டில் உழைப்போர் தொகை ஒன்று கூடியிருக்கும். திரையில் தமிழ்ச்சொல் ஒன்று குறைந்திருக்கும்.

மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, உடன் நின்றோர் மிகச் சிலர். வந்தோர் கணக்கைப் பார்த்திருப்பின் அவர் அன்றே எழுதுகோலைக் கீழே வைத்திருப்பார். நின்றோர் நின்றனர், கற்பித்தனர், கற்றோர் மீண்டும் பிறர்க்குக் கற்பித்தனர். அவையும் அக்கிராசனரும் அலங்கரித்த மேடைகளில் தலைவரும் வரவேற்புரையும் நன்றியுரையும் வந்தமர்ந்தது அச்சிலர் நின்றதன் விளைவே.

எனவே, கணிப்பொறி கற்கும் இளைய தோழர்கள் ஒருநாள் விழாவில் நூறு சொற்களைப் பெயர்த்துப் பட்டியலில் பெயர் பதித்து மீள்வதோடு அமைதல் கூடாது. ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க. ஒவ்வொரு வெளியீட்டிலும் அதன் தமிழை மீண்டும் பார்க்க. முன்னவர் வைத்த சொற்பட்டியலைப் பேணுக. புதிதாய் வருபவர்க்கு அன்றைக்கே மறுமொழி எழுதுக. பிழையைக் காட்டும்போது இன்சொல்லால் காட்டுக. மூத்தோர் தாம் சுமக்கும் பணியில் இரண்டாம் தூண் ஒன்றை இன்றே நடுதல் வேண்டும். அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில் கணக்குக் கேட்கும்போது, வந்தோர் எத்தனை என்பது இரண்டாம் வினாவாக இருக்கட்டும். சென்ற ஆண்டு வந்தோருள் இன்றும் நிற்போர் எத்தனை என்பதே முதல் வினாவாகட்டும்.